எல்பி120 டர்ன்டேபிளுக்கு விஎம்என்95எம்எல் ஊசி: குறைந்த செலவில் எதை மாற்றலாம், எதை விட்டுவிடலாம்

ஆடியோ-டெக்னிக்காவின் ஏடி-எல்பி120எக்ஸ்யூஎஸ்பி டர்ன்டேபிள் (இசைத்தட்டு ஓட்டும் கருவி) வைத்திருப்பவர்கள் ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி: "அடுத்து என்ன வாங்கலாம்?" புது டர்ன்டேபிள், ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஒலியைப் பெருக்கித் தரும் தனி ப்ரீஆம்ப், தடிமனான கேபிள், கண்ணாடித் தட்டு என்று ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். டர்ன்டேபிள் அப்படியே இருக்கட்டும். அதனுடன் வந்த பச்சை நிற விஎம்95இ ஊசியைக் கழற்றிவிட்டு, சிவப்பு நிற விஎம்என்95எம்எல் ஊசியைப் போடுங்கள். போட்டதும் காட்ரிட்ஜின் (ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக்கும் சிறு பெட்டி) கோணத்தையும், ஊசி தட்டை அழுத்தும் எடையையும் சரிசெய்யுங்கள். இந்த விலைப் பிரிவில் வேறு எந்தச் செலவும் இவ்வளவு வித்தியாசத்தைக் காதுக்குக் கொண்டுவராது.

எல்பி120எக்ஸ் ஏன் வைத்துக்கொள்ளத் தகுந்தது? தட்டை நேரடியாகச் சுற்றும் மோட்டார், குவார்ட்ஸ் கட்டுப்பாட்டு வேகம், காட்ரிட்ஜைத் தாங்கும், கழற்றி மாட்டக்கூடிய ஹெட்ஷெல், எடையும் ஆன்ட்டி-ஸ்கேட்டும் (ஆர்ம் உள்நோக்கி இழுபடுவதை ஈடுசெய்யும் விசை) மாற்றக்கூடிய எஸ் வடிவ ஆர்ம், வேண்டாமென்றால் பின்பக்க சுவிட்சில் விலக்கிவிடக்கூடிய உள் ப்ரீஆம்ப், கழற்றக்கூடிய ஆர்சிஏ கேபிள். இவ்வளவும் இருப்பதால்தான் இதன் மேல் கட்டிக்கொண்டு போக முடிகிறது. இதன் தம்பியான எல்பி60எக்ஸில் அது முடியாது. காட்ரிட்ஜ் ஆர்மோடு ஒட்டியே வருகிறது, எடை தொழிற்சாலையில் வைத்ததுதான், ஆன்ட்டி-ஸ்கேட்டைத் தொட வழியில்லை. அதில் ஊசியை மட்டும் புதுப்பிக்கலாம். 60எக்ஸ் வைத்திருப்பவர்கள் அதன் மேல் செலவழிக்காமல் காசைச் சேர்த்து வைப்பதே நல்லது.

கடைசிப் பாட்டின் சிக்கல்

எல்பி இசைத்தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் பள்ளம் நொடிக்கு ஏறத்தாழ 51 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது. உள்ளே லேபிளை நெருங்கும்போது அது 21 செ.மீ. ஆகக் குறைந்துவிடுகிறது. சுற்றும் வேகம் அதே 33⅓தான், ஆனால் சுற்றளவு குறுகிவிடுகிறது. 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை வெளியே 51 மைக்ரான் நீளத்தில் தாராளமாகப் பதிந்திருக்கும். உள்ளே அதே அலை 21 மைக்ரானுக்குள் நெருக்கப்படுகிறது. மேடு பத்து, பள்ளம் பத்து.

இப்போது ஊசி முனையின் அளவைப் பாருங்கள். கூம்பு முனை ஊசியின் ஆரம் 15 மைக்ரான் அளவு. உடன் வரும் விஎம்95இ நீள்வட்ட முனை, அதன் பக்கவாட்டு விளிம்பு 7.6 மைக்ரான். எம்எல் எனப்படும் மைக்ரோலீனியர் முனையில் அது 3 மைக்ரான். பத்து மைக்ரான் அகல வளைவுக்குள் 15 மைக்ரான் உருண்டை இறங்காது. 7.6 திணறும், 3 எளிதாக நுழையும். "ச", "ஸ", "ஷ" வரும் இடங்களில் பாடகரின் குரல் எச்சில் தெறிப்பதுபோல் கரகரப்பது இதனால்தான். தமிழ்த் திரையிசை எல்பிகளில் ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டு எப்போதும் தேய்ந்ததுபோல் ஒலிக்கிறதே, அதில் பாதி தட்டின் குற்றமல்ல, ஊசியின் குற்றம். எம்எல் போட்டதும் முதல் பாட்டுக்கும் கடைசிப் பாட்டுக்கும் இடையிலான அந்த இடைவெளி பெருமளவு சுருங்கிவிடுகிறது. ஜால்ரா, ஹை-ஹாட், வயலின் வில் உரசும் ஓசை எல்லாம் கடைசிவரை தெளிவாக நிற்கின்றன.

விலைக்கு வருவோம். எம்எல் ஊசி, இ ஊசியைவிடப் பல மடங்கு விலை என்று தயங்குபவர்கள் ஆயுளையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். நிறுவனம் சொல்லும் ஆயுள்: நீள்வட்ட முனைக்கு 300 மணி நேரம், கூம்பு முனைக்கு 500, ஷிபாட்டா என்ற இன்னொரு வகை முனைக்கு 800, மைக்ரோலீனியருக்கு 1000. நாளுக்கு ஒரு மணி நேரம் கேட்பவருக்கு இ ஊசி ஒரு வருஷம்கூடத் தாங்காது. எம்எல் இரண்டே முக்கால் வருஷம் போகும். ஆகவே நீங்கள் வாங்கும் கடையில் எம்எல்லின் விலை இ-யின் விலையைப் போல் 3.3 மடங்குக்குள் இருந்தால், மணிக்கணக்கில் எம்எல்தான் மலிவு. மேலே போனாலும் அந்தக் கூடுதல் தொகைக்குக் கிடைக்கும் ஒலி அதற்குத் தகுந்ததுதான்.

இடையில் இருக்கும் விஎம்95இஎன் பற்றிக் கேட்பார்கள். அதே நீள்வட்ட அளவு, ஆனால் உலோகத் துண்டில் ஒட்டாமல் முழு வைரமாக வருவது. நல்ல ஊசிதான். ஆனால் 7.6 மைக்ரான் அங்கேயும் 7.6 மைக்ரான்தான். இ-யிலிருந்து இஎன்னுக்குப் போவதைவிட ஒரு மாதம் பொறுத்து எம்எல்லுக்கே போகலாம்.

எம்எல் சரிசெய்யாதவற்றையும் சொல்ல வேண்டும். ஊசி கனமாக அழுத்தும் ப்ளேயர்களில் ஓடி ஓடிப் பள்ளத்தின் சுவர் கிழிந்த தட்டு மீளாது. சில தட்டுகளில் முனை சுவரின் தேயாத உயரத்தைத் தொட்டுச் சத்தம் குறையும், வேறு சிலவற்றில் காயம் இன்னும் தெளிவாகக் கேட்கும். முன்கூட்டிச் சொல்ல முடியாது. நடு ஓட்டை விலகி அச்சான தட்டில் நாகஸ்வரத்தின் நீண்ட கார்வை சுற்றுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். அதை எந்த ஊசியும் சரிசெய்யாது. ஒலி அளவும் சற்றுக் குறையும்: இ 4.0 மில்லிவோல்ட், எம்எல் 3.5. ஒரு டெசிபலுக்குச் சற்று மேல்தான், வால்யூமைக் கொஞ்சம் திருப்பினால் போதும்.

மாட்டும் முறை

விஎம்95 குடும்பம் முழுவதற்கும் காட்ரிட்ஜ் உடல் ஒன்றே. அதனால் புது ஊசி மட்டும் போதும். ஆம்பை அணைத்துவிட்டு, ஆர்மைக் கொக்கியில் பூட்டி, காலரைத் திருகி ஹெட்ஷெல்லைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவாருங்கள். ஆர்மில் இருக்கும்போதே ஊசியைப் பிடுங்க முயன்றால் ஆர்மின் பேரிங்குகள் அடிவாங்கும். ஒரு கையில் காட்ரிட்ஜின் உடலை இறுகப் பிடித்து, மறு கையால் பச்சை ஊசிப் பகுதியின் இரு பக்கத்தையும் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்தால் வந்துவிடும். புதியதை உறையுடனேயே பொருத்தி, "டிக்" என்ற சத்தம் வரும்வரை தள்ளுங்கள். உடலுக்கும் ஊசிக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் முழுதாக உட்காரவில்லை. ஒரு பக்கத்தில் மட்டும் ஒலி மங்கினாலும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து கோணம். தொழிற்சாலையிலிருந்து வரும் காட்ரிட்ஜ் ஹெட்ஷெல்லில் சற்றுத் திரும்பியிருப்பது சாதாரணம். நீள்வட்ட ஊசி அதைப் பொறுத்துக்கொள்ளும், எம்எல் பொறுக்காது. கூர்மையான விளிம்பு சுவரைச் சரியான கோணத்தில் தொடாவிட்டால் எம்எல்லுக்குக் கொடுத்த காசு வீண். காட்ரிட்ஜின் கோணத்தைச் சரிபார்க்க உதவும் பேர்வால்ட் அளவுத்தாளை அச்சிட்டுக்கொள்ளுங்கள். நடு முள்ளிலிருந்து 66.0 மி.மீ., 120.9 மி.மீ. தொலைவில் இரண்டு புள்ளிகள் இருக்கும். பிரிண்டர் "பக்கத்துக்குப் பொருத்து" என்ற அமைப்பில் இருந்தால் அளவு சுருங்கிவிடும். நூறு சதவீதத்தில் அச்சிட்டு, ஸ்கேல் வைத்து அளந்த பிறகே கத்தரியுங்கள். ஊசி இரண்டு புள்ளியிலும் விழ வேண்டும், அங்கே காட்ரிட்ஜின் பக்கங்கள் கோடுகளுக்கு இணையாக நிற்க வேண்டும். முன்னால் தள்ளியோ பின்னால் இழுத்தோ, சற்றுத் திருப்பியோ வைத்து, திருகை இரண்டு பக்கமும் மாறி மாறி மெதுவாக முறுக்குங்கள். விஎம்95 உடலிலேயே மரை இருப்பதால் நட்டு தேடித் தவிக்க வேண்டியதில்லை. அந்த வசதிக்காகவே இந்தக் காட்ரிட்ஜைப் பாராட்டலாம். அளவாக முறுக்கினால் போதும்.

எடை 2.0 கிராம், 1.8 முதல் 2.2 வரை அனுமதி. ஆன்ட்டி-ஸ்கேட்டைச் சுழியத்தில் வைத்து, ஊசி உறையைக் கழற்றி, பின் எடையைத் திருப்பி ஆர்ம் தராசு முள்போலச் சமமாக மிதக்கும்வரை கொண்டுவாருங்கள். எடையை அசைக்காமல் முன்னால் உள்ள டயலை மட்டும் சுழியத்துக்குத் திருப்பி, பிறகு முழு எடையையும் 2 வரை திருப்புங்கள். டயல் ஓரளவு சரியாகச் சொல்லும். ஆனாலும் 0.01 கிராம் காட்டும் சிறிய டிஜிட்டல் ஊசித் தராசு ஒன்று வாங்கிவிடுவது நல்லது. தராசின் மேற்பரப்பு தட்டின் உயரத்துக்கு வரும்படி விரிப்பை எடுத்துவிட்டு அளக்க வேண்டும். எடை குறைந்தால் தட்டு தேயாது என்று 1.5-க்கு இறக்கிவைப்பவர்கள் தட்டுக்குத் தீங்குதான் செய்கிறார்கள். எடை போதாத ஊசி உரத்த இடங்களில் பள்ளத்தில் துள்ளிச் சுவரைக் கொத்தும்.

ஆன்ட்டி-ஸ்கேட்டும் 2-இல் தொடங்கட்டும். உரத்த குரல் வலது ஸ்பீக்கரில் மட்டும் உடைந்தால் கொஞ்சம் கூட்டுங்கள், இடதில் மட்டும் உடைந்தால் குறையுங்கள். இரண்டிலும் உடைந்தால் பிரச்சினை எடையிலோ கோணத்திலோ ஊசி அழுக்கிலோ இருக்கிறது. கடைசியாக, தட்டின்மேல் சிறு கண்ணாடி ஒன்றை வைத்து ஊசியை இறக்கி முன்னாலிருந்து பாருங்கள். ஹெட்ஷெல்லும் அதன் பிம்பமும் நேராக நிற்க வேண்டும். இந்த ஹெட்ஷெல்லில் சாய்வுக்குத் தனித் திருகு இல்லை. காலரைத் தளர்த்தி, உள்ள சிறு இடைவெளிக்குள் திருப்பி இறுக்குவதுதான் வழி. இந்த டர்ன்டேபிளில் எங்களுக்குக் குறையாகப் படுவது இதுதான்.

ப்ரீஆம்ப் எப்போது?

உள்ளே இருக்கும் ப்ரீஆம்ப் ஒழுங்காக வேலை செய்கிறது. எம்எல்லுடன் சில மாதம் அதிலேயே கேளுங்கள். சுவிட்ச் மட்டும் கவனம். ஆம்பின் ஃபோனோ உள்ளீட்டில் செருகி டர்ன்டேபிளையும் "லைன்" நிலையில் (உள் ப்ரீஆம்ப் இயங்கும் நிலை) விட்டால் இரண்டு ப்ரீஆம்ப் சேர்ந்து ஒலி உடைந்து அலறும். எதிர்த்திசையில் தவறினால் கொசு பாடுவதுபோல் மெலிந்து கேட்கும். பழைய ஆம்ப்களில் சில, க்ரிஸ்டல் அல்லது செராமிக் ஊசிக்காக வைத்த உள்ளீட்டைக் கொண்டவை. அதில் இந்தக் காட்ரிட்ஜைச் செருகினாலும் அதே மெலிந்த ஒலிதான். அந்த ஆம்பில் டர்ன்டேபிளை "லைன்" நிலைக்கு மாற்றி, டேப் அல்லது ஆக்ஸ் உள்ளீட்டில் கொடுங்கள்.

தனி ப்ரீஆம்ப் வாங்கும்போது பலர் கவனிக்காமல் விடும் எண் ஒன்று உண்டு: கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு, பிகோஃபாரடில் சொல்வார்கள்). விஎம்95-க்கு 47 கிலோஓம் மின்தடையும் 100 முதல் 200 பிகோஃபாரடும் வேண்டும். ஆர்ம் வயர், ஆர்சிஏ கேபிள், ப்ரீஆம்பின் உள்ளீடு மூன்றும் சேர்ந்த மொத்த பிகோஃபாரட் இது. காட்ரிட்ஜ் சுருளின் இண்டக்டன்ஸ் (மின்தூண்டல்) 550 மில்லிஹென்றி. மொத்தம் 150 பிகோஃபாரட் ஆனால் மின் ஒத்ததிர்வு (ஒலி இயல்பைவிட எழும்பும் இடம்) 17.5 கிலோஹெர்ட்ஸில் விழும், பெரும்பாலானோர் காதுக்கு எட்டாது. மொத்தம் 400 ஆகிவிட்டால் அது 10.7-க்கு இறங்கிவிடும். அங்கே ஒலி எழும்பிக் கூர்மையாகக் குத்தும், அதற்கு மேலே சட்டென்று விழுந்துவிடும். "எம்எல் ரொம்பக் கூர்மை, காது வலிக்கிறது" என்ற புகார் வரும்போது ஊசியைத் திட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள். சாதாரண ஆர்சிஏ கேபிள் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் அளவு சேர்க்கும். மூன்று மீட்டர் கேபிள் ஒன்றே எல்லையைத் தாண்டிவிடும். விலையுயர்ந்த கேபிள் தேவையில்லை, குட்டையான கேபிள்தான் தேவை. குறைந்த விலையில் ஏஆர்டி டிஜே ப்ரீ டூ எங்களுக்குப் பிடித்தது. சுவிட்சில் 100 அல்லது 200 பிகோஃபாரட் தேர்ந்தெடுக்கலாம், 100-இல் வையுங்கள். நெளிந்த தட்டு ஓடும்போது ஊஃபர் முன்னும் பின்னும் ஊதினால் அதில் உள்ள, மிகத் தாழ்ந்த அதிர்வுகளை வெட்டிவிடும் லோ-கட் சுவிட்ச் கைகொடுக்கும். பெட்டியும் குமிழ்களும் எளிமையானவை, ஆனால் வேலை சுத்தம்.

"ம்ம்ம்" என்ற இரைச்சல் வந்தால்: டர்ன்டேபிளின் எர்த் வயரை ஆம்பின் அல்லது ப்ரீஆம்பின் எர்த் திருகில் இணைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இணைத்தும் நிற்கவில்லையா? மோட்டாரை ஓட்டாமல் ஆர்மை மட்டும் கையில் பிடித்து உள்நோக்கி நகர்த்துங்கள். நகர நகர இரைச்சல் கூடினால், பக்கத்தில் இருக்கும் ஆம்பின் ட்ரான்ஸ்ஃபார்மரைக் காட்ரிட்ஜ் பிடிக்கிறது. ஆம்பை ஒரு முழம் தள்ளி வைத்தால் தீரும்.

எதன்மேல் வைப்பது

ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் ஒரே மேசையில் இருக்கக் கூடாது. சோதிக்க எளிய வழி: மோட்டாரை நிறுத்தி, நின்ற தட்டின்மேல் ஊசியை இறக்கி, வழக்கமான வால்யூமில் வைத்து மேசையை விரலால் தட்டுங்கள். "டொம்" என்று ஸ்பீக்கரில் கேட்டால், பாட்டு ஓடும்போது ஸ்பீக்கரின் அதிர்வும் அதே வழியில் ஊசிக்குத் திரும்பி வருகிறது. பாஸ் கொழகொழவென்று ஆவது இதனால். நம் வீடுகளில் சுவரில் பதித்த கடப்பா கல் அலமாரி இருந்தால் அதைவிட நல்ல இடம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. ஆழத்தை மட்டும் அளந்துகொள்ளுங்கள். டர்ன்டேபிள் ஒன்றரை அடி அகலம், பின்னால் கேபிளுக்கும் சேர்த்து ஒன்றேகால் அடிக்கு மேல் ஆழம் வேண்டும். மூடி திறக்க மேலே இடமும் வேண்டும். அலமாரி இல்லையென்றால் கல் கடையில் வெட்டி மிஞ்சிய கிரானைட் துண்டை வாங்கி மேசைமேல் போட்டு, அடியில் ரப்பர் துண்டுகள் வையுங்கள். நான்கு காலையும் திருகி, தட்டின்மேல் ரசமட்டம் வைத்துச் சமன் பாருங்கள்.

உடன் வரும் ஃபெல்ட் விரிப்பு டிஜேக்களுக்கானது. ஏசி ஓடும் வறண்ட அறையில் நிலைமின்னால் தட்டோடு ஒட்டிக்கொண்டு மேலெழும், தூசியையும் சேர்க்கும். ரப்பர் அல்லது கார்க் விரிப்பு மாற்றுங்கள். தடிமன் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் ஆர்மின் உயரத்தைத் தொட வேண்டாம்.

தட்டைக் கழுவுவது

எம்எல்லின் மெல்லிய விளிம்பு பள்ளத்தின் அடிக்கு நெருங்கிப் போகும். நீள்வட்ட ஊசி தொடாத அழுக்கையெல்லாம் இது தோண்டி எடுத்து முனையில் உருட்டிக்கொள்ளும். கடலோர ஊர்களில் பழைய தட்டு என்றால் பூஞ்சை இல்லாமல் இருப்பது அரிது. மூன்று பங்கு டிஸ்டில்டு வாட்டர், ஒரு பங்கு 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், லிட்டருக்குச் சில துளி வாசனையற்ற பாத்திர சோப்பு. மெல்லிய மயிர்த் தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே சுற்றித் தேய்த்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இருமுறை அலசி, நிறுத்தி வைத்துக் காயவிடுங்கள். குழாய்த் தண்ணீரும் போர்த் தண்ணீரும் வேண்டாம், உப்புப் படிந்து சடசடக்கும். லேபிளில் நீர் படாமல் பிடியுங்கள். கழுவிய தட்டைப் பழைய காகித உறைக்குள் மறுபடி போட்டால் பூஞ்சை அங்கிருந்தே திரும்பி வரும். புது உள்ளுறைகள் வாங்குங்கள். ஊசி முனையை ஒவ்வொரு பக்கத்துக்கு முன்பும் பின்னிருந்து முன்னோக்கி மட்டும் துலக்குங்கள். பக்கவாட்டிலோ எதிர்த்திசையிலோ இழுத்தால் அலுமினியக் கம்பி வளைந்துவிடும்.

78 சுற்றுத் தட்டுகளுக்கு இந்தக் கலவை விஷம். அவை ஷெல்லாக் (அரக்கு), ஆல்கஹால் பட்டால் கரையும். தண்ணீரும் சோப்பும் மட்டும், அதுவும் சீக்கிரம் துடைத்துவிட வேண்டும். எல்பி120எக்ஸில் 33, 45 இரண்டு பொத்தானையும் ஒன்றாக அழுத்தினால் 78 வேகம் வரும். ஆனால் எம்எல்லை அதில் இறக்காதீர்கள். 78-இன் பள்ளம் மிக அகலம், எல்பி ஊசி அடியில் விழுந்து குப்பையைத்தான் வாசிக்கும். அதே குடும்பத்தின் விஎம்என்95எஸ்பி ஊசி 76 மைக்ரான் முனையோடு அதற்கென்றே வருகிறது. எடை 5 கிராம் அளவு வேண்டும், அதைத் தராசில் வைத்தே நிறுத்துங்கள்.

வாங்கும்போது பெட்டியில் உள்ள பெயரைப் பாருங்கள். "விஎம்என்" என்று தொடங்கினால் ஊசி மட்டும், "விஎம்" என்றால் காட்ரிட்ஜ் உடலும் சேர்ந்தது. இரண்டுக்கும் விலை வித்தியாசம் சிறிதாக இருக்கும் கடையில் முழு காட்ரிட்ஜையே எடுத்து, இன்னொரு ஹெட்ஷெல்லும் சேர்த்து வாங்குவது லாபம். பழைய உடலில் பச்சை ஊசி அப்படியே இருக்கட்டும். பழைய கடையில் வாங்கி வந்த, எப்படி இருக்கும் என்று தெரியாத தட்டை முதலில் அதில் ஓட்டிப் பார்க்கலாம். 78 ஊசியும் அதே உடலில் ஏறும். ஹெட்ஷெல்லை மாற்றும் ஒவ்வொரு முறையும் தராசை எடுத்து எடையை மறுபடி பாருங்கள், இரண்டு ஹெட்ஷெல்லும் ஒரே கனம் இருக்காது.